குடிக்கிறவர் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லும்போது

கேள்வி கேட்டவர் ஒரு தங்கை. அண்ணனுக்கு வயது 43. 15 வருடக் குடி. மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்து சிகிச்சை முடித்து வந்திருக்கிறார். குடியை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது, இதுவரை தொடவில்லை. ஆனால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒன்று, சுள்ளென்று விழுகிறார். இல்லையென்றால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். “என்ன பண்ணுது, மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க” என்று அண்ணி கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இவர் குணமே இப்படித்தானா, குடி இப்படி ஆக்கிவிட்டதா, குடியை விட்ட பிறகும் வாழ்க்கை ஏன் நன்றாக இல்லை? இதுதான் கேள்வி.

நான் குடிநோயாளிகளோடு ஆலோசகராக 18 வருடமாக வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை. மருந்து பற்றிச் சொல்லும் இடங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ‘ஒண்ணுமில்ல’ பெரும்பாலும் பொய் இல்லை. மறைக்கிறார், மனம் திறக்க மாட்டேன் என்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். நானும் ஆரம்ப வருடங்களில் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே ஏதோ நடப்பது அவருக்குத் தெரிகிறது. அது என்ன என்பதுதான் தெரியவில்லை. நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளும் இந்த ஒரு இடத்தில் வந்துதான் முட்டுகின்றன என்பது என் அனுபவம்.

சரி, குணத்திலிருந்து தொடங்குவோம். ‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு’ என்று பழமொழியே வைத்திருக்கிறோம். குடிக்கிறவன் என்றால் வாக்குத் தவறுகிறவன், பொறுப்பில்லாதவன், சுயநலக்காரன் என்று ஒரு அச்சு மனதில் இருக்கிறது. மருத்துவ உலகமும் ரொம்ப காலம் இதையே சொல்லிக்கொண்டிருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952-ல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டின் முதல் பதிப்பில் குடி அடிமைத்தனம் சமூகத்துக்கு ஒவ்வாத ஆளுமைக் கோளாறுகளோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. 1980-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது தனி நோயாகப் பிரிந்தது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, அடங்காத ஏக்கம், நிறுத்தினால் நடுக்கம் என்று போகும் அந்தப் பட்டியல். ஒரு வருடத்துக்குள் இரண்டு இருந்தாலே கோளாறு, ஆறும் அதற்கு மேலும் இருந்தால் தீவிரம். அந்த 11-ல் ‘கெட்ட குணம்’ என்று ஒன்று கூட இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 40 கோடிப் பேருக்கு மதுப் பழக்கக் கோளாறு இருந்தது. அதில் கிட்டத்தட்ட 21 கோடிப் பேர் முழு அடிமைகள். இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே குணம் இருக்க வாய்ப்பே இல்லை. ‘அடிமையாகும் ஆளுமை’ என்று ஒரு தனி ரகத்தைத் தேடிப் போனவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அதற்காகக் குணத்துக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. உளவியலில் ஐந்து பெரும் பண்புகள் என்று ஒரு அளவுகோல் உண்டு: மனம் எளிதில் கலங்குவது, ஒழுங்கும் பொறுப்பும், பிறரோடு இணங்கிப்போவது, கலகலப்பு, புதியதில் ஆர்வம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குடியோடு சேர்ந்து வருவது முதல் மூன்றுதான். கலக்கம் சராசரியைவிட அதிகம், ஒழுங்கும் இணக்கமும் சராசரியைவிடக் குறைவு. கலகலப்பான ஆட்கள்தான் குடிப்பார்கள் என்று ஊரெல்லாம் நம்புகிறோமே, அது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

ஆனால் சராசரி என்பது ஒரு ஆள் இல்லை. என்னிடம் வந்த ஒரு கணக்காளர் 20 வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வேலைக்குப் போனதில்லை. தினமும் எத்தனை மில்லி குடித்தார் என்பதைக்கூடத் தேதி போட்டு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் கூட்டல் போட்டு வைத்திருந்தார். இவரைப் பார்த்து ஒழுங்கு குறைவு என்று யார் சொல்வது? கல்லீரல் கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

1980-களில் ஸ்வீடன் நாட்டுத் தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் குளோனிங்கர் குடிநோயாளிகளை இரண்டு வகையாகப் பிரித்தார். பதற்றமும் குற்ற உணர்வும் உள்ளவர்கள் 25 வயதுக்கு மேல் மெல்ல மாட்டிக்கொள்வது ஒரு வகை. விறுவிறுப்பைத் தேடி இளவயதிலேயே ஆரம்பிக்கும் ஆண்கள் இன்னொரு வகை. படிக்க அழகாக இருக்கும். நேரில் பார்க்கும் ஆட்களில் பாதிப் பேர் இரண்டிலும் ஒரு கால் வைத்திருப்பார்கள். பரம்பரைக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு என்பதை இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மீதிப் பாதி வாழ்க்கை.

எனக்கு இந்தப் பட்டியல்களைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது அவசரத்தைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு. அவசர புத்தியிலும் ரகங்கள் உண்டு. யோசிக்காமல் செய்வது ஒன்று, பொறுமை இல்லாமல் பாதியில் விடுவது ஒன்று. மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது: மற்ற நேரமெல்லாம் நிதானமாக இருந்துவிட்டு, மனம் நொந்திருக்கும்போது மட்டும் கண்மண் தெரியாமல் எதையாவது செய்துவிடுவது. குடியால் வரும் சிக்கல்களோடு நெருக்கமாகச் சேர்ந்து வருவது இந்த ரகம்தான். உங்கள் அண்ணன் மறுபடி குடித்த சந்தர்ப்பங்கள் முன்னால் இருந்திருந்தால் அவற்றை நினைத்துப் பாருங்கள். யோசனை இல்லாத ஆளா அவர், அல்லது நொந்த நேரத்தில் மட்டும் யோசனை கைவிட்டுப் போகிற ஆளா?

குணத்தால் குடியா, குடியால் குணமா என்றால், இரண்டுமே. வருடக்கணக்கில் குடித்த மூளையில் முன்பகுதி, அதாவது கட்டுப்பாட்டையும் திட்டமிடுதலையும் பார்த்துக்கொள்ளும் பகுதி, பலவீனமாகிறது. தூக்கம் சிதைகிறது. குடி மூளையின் அமைதிப்படுத்தும் பக்கத்தைத் தூண்டி, கிளர்ச்சிப் பக்கத்தை அடக்குகிறது. மூளை ஈடுகட்டுவதற்காகக் கிளர்ச்சியை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு நாள் குடி நின்றால் ஏற்றி வைத்த கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். காலையில் காரணமே இல்லாமல் படபடப்பு, எரிச்சல், யார் என்ன சொன்னாலும் குத்துவது போல் இருப்பது, எல்லாம் அதுதான். இதைக் ‘குணம்’ என்று வீட்டில் பெயர் வைத்துவிடுகிறார்கள். குடியை விட்ட முதல் மாதத்தில் யாருடைய குணத்தையும் எடை போடாதீர்கள் என்று நான் எல்லாக் குடும்பத்துக்கும் சொல்வேன். எளிதில் கலங்கும் தன்மை, குடியில்லாத மாதங்கள் கூடக்கூடக் குறைந்துகொண்டு வரும்.

இப்போது அந்த ‘ஒண்ணுமில்ல’ விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் வந்த ஒருவர் எட்டு மாதம் சுத்தமாக இருந்துவிட்டு மறுபடி குடித்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். மகள் வேலைக்காக வெளியூர் கிளம்பிய நாள் அது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ரயில் 4.20-க்கு சார். 15 நிமிஷம் லேட்டா வந்துச்சு. பொண்ணு பெட்டியில ஒரு சக்கரம் உடைஞ்சிருந்தது. நான்தான் தூக்கிட்டுப் போனேன். கோச் கடைசியில போய் நின்னுச்சு.” உங்களுக்கு எப்படி இருந்தது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பெட்டி கனமா இருந்துச்சு.”

அப்புறம்? “வீட்டுக்கு வந்தேன். தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரி இருந்துச்சு. சளியோன்னு நினைச்சு வெந்நீர் வெச்சுக் குடிச்சேன். போகல. அப்புறம்தான் வெளிய போனேன்.”

அவர் நடிக்கவில்லை. தொண்டை அடைத்ததற்கும் மகளுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இதற்கு அலெக்சிதைமியா என்று பெயர். பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து உண்டாக்கியது. உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று பொருள். நோய் இல்லை, ஒரு தன்மை. உயரம் போல எல்லோரிடமும் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். அதில் மூன்று சங்கதிகள் உண்டு. உள்ளே எழுவது இன்ன உணர்ச்சி என்று பிரித்துத் தெரிந்துகொள்ள முடியாமை, தெரிந்தாலும் எடுத்துச் சொல்ல முடியாமை, எப்போதும் வெளி விவரங்களிலேயே மனம் ஓடுவது. ரயில் நேரம், உடைந்த சக்கரம், கடைசிப் பெட்டி என்று அவர் அடுக்கியது மூன்றாவதற்குச் சரியான உதாரணம்.

இதை அளக்க டொரான்டோவில் உருவான 20 கேள்வி கொண்ட அளவுகோல் ஒன்று 1994-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தது 20, அதிகபட்சம் 100. 61-ம் அதற்கு மேலும் வந்தால் அலெக்சிதைமியா என்று கொள்கிறார்கள். பொதுமக்களில் பத்தில் ஒருவருக்கு இப்படி வரும். பின்லாந்தில் எடுத்த ஒரு கணக்கில் 13 சதவீதம். குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வருபவர்களிடம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்தால் 45 முதல் 67 சதவீதம் வரை போகிறது. பாதிக்குப் பாதி! ‘மனசு விட்டுப் பேசு’ என்று நாம் வற்புறுத்துகிற ஆட்களில் பாதிப் பேருக்கு அந்த மனசின் பாஷை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குக்கூடப் பழக்கமில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். நம் பழைய இலக்கணக்காரர்கள் உணர்ச்சிக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உணர்ச்சி உடம்பில் தெரியும் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. இதில் இளிவரல் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தன்னைத் தாழ்ந்தவனாக உணர்ந்து கூனிக்குறுகும் நிலை. மூப்பு, நோய், வருத்தம், நிலை தாழ்ந்து போவது ஆகிய நான்கிலிருந்து அது வரும் என்று இலக்கணம் சொல்கிறது. என் முன்னால் வந்து உட்காரும் ஆட்களில் பலருக்கு உள்ளே ஓடிக்கொண்டிருப்பது அச்சு அசலாக இதுதான். ஆனால் அவர்கள் வாயில் வருவது ஒரே வார்த்தை: ‘டென்ஷன்’. பயம் டென்ஷன், அவமானம் டென்ஷன், துக்கம் டென்ஷன், பசிகூட டென்ஷன். அதையும் தாண்டினால் ‘ஒரு மாதிரியா இருக்கு’. எட்டுச் சொல் இருந்த இடத்தில் இன்று ஒன்றரைச் சொல்தான் இருக்கிறது.

இது எங்கிருந்து வருகிறது? சிலருக்குக் குடிக்கு முன்பே இருந்திருக்கிறது. அழுதால் அடி விழும், பயம் என்றால் கேலி செய்வார்கள் என்ற சூழலில் வளர்ந்த பிள்ளை, உள்ளே பார்க்காமலிருக்கப் பழகிக்கொள்கிறது. நீண்ட நாள் குடியும் தன் பங்குக்கு உடம்பின் சமிக்ஞைகளை மழுங்கடிக்கிறது. மனச்சோர்வு இருந்தால் அந்த 20 கேள்வி அளவுகோலில் மதிப்பெண் இன்னும் ஏறும். குடியை நிறுத்தி இரண்டு மூன்று வாரத்தில் பதற்றமும் சோர்வும் வேகமாக இறங்குகின்றன. இந்தத் தன்மை மட்டும் அவ்வளவாக இறங்குவதில்லை. ஆகவே ‘குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற எதிர்பார்ப்பு இந்த ஒரு விஷயத்தில் ஏமாற்றும். இதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்ள முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தன் மனதைப் படிப்பதில் மட்டுமில்லை, அடுத்தவர் முகத்தைப் படிப்பதிலும் பிசகு உண்டு. சிகிச்சைக்கு வந்தவர்களிடம் முகப்படங்களைக் காட்டிச் செய்த சோதனைகளில், உணர்ச்சியின் அளவை உள்ளதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள், ஒன்றை இன்னொன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. கோபமே இல்லாத முகத்தில் கோபத்தைப் பார்ப்பது அடிக்கடி நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தாங்கள் தப்பாகப் படிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. இதை உங்கள் வீட்டில் பொருத்திப் பாருங்கள். அண்ணி வேலை முடித்துக் களைத்துப்போய் உள்ளே வருகிறார், முகம் வாடியிருக்கிறது. அண்ணன் அதைக் கோபம் என்று படிக்கிறார். “இப்ப என்ன, நான் என்ன பண்ணிட்டேன்?” என்று விழுகிறார். அண்ணிக்கு இப்போது நிஜமாகவே கோபம் வருகிறது. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று அவருக்கு ருசு கிடைத்துவிடுகிறது. இந்தக் காட்சி எத்தனை வீடுகளில் நடக்கிறது என்று எண்ணவே முடியாது. இதற்கு அண்ணி செய்யக்கூடிய ஒரு எளிய காரியம் உண்டு. உள்ளே நுழையும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுவது: “எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல, அசதியா இருக்கு.” முகத்தைப் படிக்கும் வேலையை அவரிடம் விடாமல் இருப்பது. கேட்க நாடகத்தனமாக இருக்கும். இரண்டு வாரம் செய்து பாருங்கள்.

பெயரில்லாத உணர்ச்சி ஏன் பாட்டிலில் போய் முடிகிறது என்பது இப்போது புரியும். பயம் என்று தெரிந்தால் பயத்துக்கு ஏற்றதைச் செய்யலாம், யாரிடமாவது கேட்கலாம். தனிமை என்று தெரிந்தால் ஒருவருக்கு ஃபோன் போடலாம். எல்லாமே ‘ஒரு மாதிரி’ என்றால் அந்த ஒரு மாதிரிக்கு ஒரே மருந்துதான் கை அறிந்தது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் மறுபடி குடித்தவர்களிடம் கடைசியாக என்ன நடந்தது என்று கேட்டுத் தொகுத்தார். மோசமான மனநிலை, யாரோடாவது சண்டை, மற்றவர்களின் வற்புறுத்தல் ஆகிய மூன்றில் கிட்டத்தட்ட முக்கால்வாசி அடங்கிவிட்டது. அதில் முதலிடம் மனநிலைக்குத்தான். 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு குடிநோயாளிகளைப் பற்றியது இல்லை, சாதாரணமாகக் குடிக்கும் இளைஞர்களைப் பற்றியது. ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்தது. மனம் மிகவும் கெட்டிருக்கும் நேரத்தில், அது கோபமா வருத்தமா பதற்றமா என்று நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பியவர்களைவிடக் குறைவாகக் குடித்தார்கள். அதற்கு முன்பே 2007-ல் மூளைப் படங்கள் எடுத்துப் பார்த்தவர்கள், உணர்ச்சிக்கு ஒரு சொல் வைத்த மாத்திரத்தில் மூளையின் அபாய மணி கொஞ்சம் தணிவதைக் கண்டார்கள்.

இனி வாழ்க்கைத் தரம். உலக சுகாதார நிறுவனம் இதை அளக்க 26 கேள்வி வைத்திருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். உடம்பு, மனம், உறவுகள், சுற்றுப்புறம் என்று நாலு பகுதி. இதில் முக்கியமான விஷயம், பதில் சொல்வது அந்த ஆள்தான். மருத்துவ அறிக்கை இல்லை, மனைவி இல்லை, நான் இல்லை. தன் வாழ்க்கையைத் தன் எதிர்பார்ப்பை வைத்து அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் அளவு. குடிநோயாளிகளின் மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவு என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. எவ்வளவு குடித்தார் என்பதைவிட, மனச்சோர்வு இருக்கிறதா, தூங்குகிறாரா, பேச ஆள் இருக்கிறதா என்பவைதான் அந்த மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கின்றன. உடம்பைவிட மனப் பகுதி மோசமாக அடிபடுகிறது. உணர்ச்சிக்குச் சொல் இல்லாதவர்களின் மதிப்பெண் இன்னும் கீழே இருக்கிறது. இந்த இரண்டையும் இணைத்து நடுவில் நிற்பது பெரும்பாலும் மனச்சோர்வுதான்.

திரும்பி வருவதிலும் ஒரு வரிசை உண்டு. உடம்பு முந்திக்கொள்ளும். கை நடுக்கம் சில நாளில் அடங்கும், பசி திரும்பும், ஜிஜிடி என்ற கல்லீரல் அளவு பெரும்பாலும் ஒன்று இரண்டு மாதத்தில் இறங்கிவிடும். தூக்கம் பிடிவாதக்காரன், மாதக்கணக்கில் இழுக்கும். மனம் அதற்குப் பின்னால் வரும். உறவு கடைசியில், ஏனென்றால் அது அவர் கையில் மட்டும் இல்லை. 15 வருடம் ஏமாந்த மகன் ஐந்து வாரத்தில் ஏன் நம்ப வேண்டும்?

ஐந்தாவது வாரம் ஒரு கெட்ட இடம். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் எல்லோரும் பாராட்டியிருப்பார்கள், அது ஓய்ந்திருக்கும். சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை குடி பிடித்து வைத்திருந்த நேரம் இப்போது காலியாகக் கிடக்கும். சாப்பாடோ பேச்சோ எதுவும் ருசிக்காது, மூளையின் இன்பக் கம்பி இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது. வலிக்கு இருந்த மருந்து போய்விட்டது, வலி அப்படியே இருக்கிறது. சுவரைப் பார்த்து உட்காராமல் என்ன செய்வார்?

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. குடியால் வந்த மனச்சோர்வு பொதுவாக நிறுத்திய நாலு வாரத்துக்குள் விலக ஆரம்பிக்கும். ஐந்து வாரம் ஆகியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், குடிக்குச் சம்பந்தமில்லாத மனச்சோர்வு தனியாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. இந்த வாரமே அவருடைய மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற மாதிரிப் பேச்சு வந்தால் வாரம் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை மட்டும் ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்று, ஒருவேளை மறுபடி தினமும் குடிக்க ஆரம்பித்துவிட்டால், வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் பிதற்றலும் மாயக் காட்சிகளும் வரலாம். அது மருத்துவர் பார்வையில் நடக்க வேண்டிய காரியம்.

மற்றபடி வீட்டில் செய்யக்கூடியது. “மனசுல என்ன இருக்கு” என்ற கேள்வியை நிறுத்துங்கள். கணக்கே தெரியாத பையனிடம் விடை என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்பது போலத்தான் அது. உடம்பைக் கேளுங்கள்: “எங்க பிடிக்குது? நெஞ்சா, வயிறா, கழுத்தா?” இதற்கு அவரால் பதில் சொல்ல முடியும். பிறகு இரண்டு சொல்லைக் கையில் கொடுங்கள்: “பயமா இருக்கா, எரிச்சலா இருக்கா?” சொல்லைத் தானாகத் தேடுவது கஷ்டம், இரண்டில் ஒன்றைத் தொடுவது சுலபம். ‘ரெண்டும் இல்ல’ என்று சொன்னாலும் நல்லதுதான். இல்லை என்று சொல்ல உள்ளே ஒரு தடவை பார்த்திருக்கிறார். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் நாலு சொல்லைச் சொல்லிக்கொடுப்பார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. குடிக்கத் தோன்றும்போது இந்த நாலில் எது என்று பார்க்கச் சொல்வார்கள். இதைவிட நல்ல முதல் பாடத்தை நான் கண்டதில்லை.

மகளை ரயில் ஏற்றிவிட்ட அந்த ஆளை நான் ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, மூன்றே விஷயம்: மணி என்ன, உடம்பில் எங்கே, என்ன சொல். முதல் வாரம் 21 இடத்திலும் ‘டென்ஷன்’, ‘நார்மல்’ இரண்டு சொற்கள்தான். இரண்டாம் வாரம் உடம்புப் பத்தி நிரம்ப ஆரம்பித்தது: ‘தோள் இறுக்கம்’, ‘வயித்துல கல்லு’. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் இப்படி எழுதியிருந்தார்: ‘8.40. தொண்டை. பொண்ணு ஃபோன் வெச்சுட்டா. வருத்தம்?’ அந்தக் கேள்விக்குறியை அவர் போட்டதுதான் எனக்குச் சந்தோஷம். அவருக்கே சந்தேகமாக இருந்தது, ஆனால் ஒரு சொல்லை எடுத்துப் பொருத்திப் பார்த்துவிட்டார். அன்று வெளியே போகவில்லை, மகளை மறுபடி கூப்பிட்டிருக்கிறார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். “சாப்பிட்டியான்னு கேட்டேன் சார்.” மூன்று மாதம் கழித்து ஒரு தடவை மறுபடி குடித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த முறை ஏன் என்று அவருக்கே தெரிந்திருந்தது, மறுநாளே வந்துவிட்டார்.

ஆலோசனைக்கு அழைத்துப் போகும்போது, ஆலோசகரிடம் இந்த ‘ஒண்ணுமில்ல’ பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்ன வயதைத் தோண்டி மணிக்கணக்கில் பேச வைக்கும் முறைகள் இப்படிப்பட்டவர்களிடம் ஆரம்பத்தில் அவ்வளவாக எடுபடாது. என்ன நடந்தது, உடம்பு என்ன செய்தது, என்ன செய்தேன் என்று படிப்படியாகப் போகும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், மூச்சையும் உடம்பையும் கவனிக்கக் கற்றுத்தரும் பயிற்சிகளும் நன்றாக ஒட்டுகின்றன. குழுவில் உட்காருவது இன்னும் நல்லது. தனக்குச் சொல் இல்லாததை இன்னொருவர் சொல்லிக் கேட்கும்போது, ‘அட, இதுதான் எனக்கும்’ என்று சிலருக்கு அங்கேதான் முதல் சொல் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் கடிதம் முழுக்க அண்ணனைப் பற்றி இருக்கிறது. அண்ணி அதில் கேள்வி கேட்பவராக மட்டும் வருகிறார். குடிநோயாளியின் மனைவியின் வாழ்க்கைத் தரமும் அதே 26 கேள்வியில் அளக்கக்கூடியதுதான், அதுவும் கீழேதான் இருக்கும். கணவர் குடியை விட்ட பிறகும் உடனே ஏறாது. 15 வருடமாகக் கதவுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிவைத்த உடம்பு அது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951-லிருந்து அல்-அனான் என்ற குழுக்கள் நடக்கின்றன, விசாரித்துப் பாருங்கள். ஆனால் முதலில் நீங்களே அண்ணியோடு தனியாக உட்காருங்கள். “எப்படி இருக்கீங்க அண்ணி” என்று கேட்டால் அவரும் “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்பார், பெரும்பாலும். எனவே அதைக் கேட்காமல், நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினார், நடுவில் எத்தனை தடவை எழுந்தார் என்று கேளுங்கள்.